மதகும் வழிப்படுத்தியும்

விலையுயர்ந்த கருவியொன்றை வாங்கிவிட்டால் அதனை ஆளும் அறிவும் அதே பெட்டியில் வந்து இறங்கிவிடும் என்னும் மயக்கம் தமிழ்ப் பிரதேச நிறுவனங்களிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அம்மயக்கத்தின் அண்மைக்கால வடிவம் வலையமைப்புக் கருவிகளைப் பற்றியது. பல்கலைக்கழகம், மருத்துவமனை, பிரதேச செயலகம், வங்கி என எங்கும் ஆளிகளும் வழிப்படுத்திகளும் தீச்சுவர்களும் இரும்புச் சட்டங்களில் அடுக்கப்படுகின்றன, நாடா வெட்டப்படுகின்றது, படம் பிடிக்கப்படுகின்றது. ஆயின், யார் எவ்வாயிலால் உட்புகலாம், எவ்வளவு கொண்டு செல்லலாம், எவ்விடத்தில் தடுக்கப்படுவர் என்பவற்றைக் கருவிக்குள் விதிகளாக எழுதிவைக்கும் அமைவாக்கப் பணியோ ஒப்பந்தகாரர் ஒருவரின் அரைநாள் வேலையாகவே எண்ணப்படுகின்றது. இவ்வெண்ணம் தவறானது மட்டுமன்றி ஆபத்தானதுமாகும்.

வாயில் கட்டுவது வேறு, வாயிலை ஆள்வது வேறு என்பதற்குத் தொண்டைமானாற்றைக் காட்டிலும் தக்க சான்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை எனலாம். கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்லும் பொருட்டு வெட்டுவித்த ஆறு என்று அவ்வூரின் பெயருக்கு மரபுக்கதை காரணம் கூறும். கதை எவ்வாறாயினும், கடல்நீரேரி கடலொடு கலக்கும் அம்முகத்தில் 1950களின் முற்பகுதியில் உவர்நீர்த் தடுப்பணை எழுந்தது. மாரிவெள்ளம் வடியத் திறப்பதும், வெள்ளம் தணிந்ததும் கடல் உட்புகாது மூடுவதும் அதன் தொழில். பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கான ஆற்றுத் திட்டத்திலும் அவ்வணைக்கு முக்கிய இடமுண்டு. அணை நின்றது, மதகுப் பலகைகளோ உக்கின. உவர்நீர் பலகை இடுக்குகளால் உட்புகுந்தது. ஏரி நன்னீராகும் என்ற எதிர்பார்ப்புப் பல பத்தாண்டுகளாக ஈடேறாமலே கிடந்தது. கருங்கல்லையும் சீமெந்தையும் எவரும் குறைகூற முடியாது. எந்நாளில் திறப்பது, எந்நாளில் மூடுவது, உழவரின் தேவையும் இறால் பிடிப்போரின் தேவையும் முரணும்போது எவர் சொல் ஏறுவது, பழுதுபார்ப்பது எவர் பொறுப்பு என்னும் வினாக்களே அணையின் பயனைத் தீர்மானித்தன.

வலையமைப்பின் வாயிற் கருவியும் இத்தகையதே. அதன் ஒவ்வொரு துளையும் ஒரு மதகு. வந்து இணைபவர் எவர் என்று கேட்கலாம், கேளாமலே விடலாம். கேட்பதற்கென 802.1எக்ஸ் என்னும் நியமமும், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் ரேடியஸ் சேவையகமும் உள்ளன. மாணவர், கணக்குப் பகுதியினர், விருந்தினர் ஆகியோரை ஒரே வடத்தின்மீது வெவ்வேறு மெய்ந்நிகர் வலையமைப்புகளாகப் பிரிக்கலாம். மதிப்புமிக்க கருவிகள் யாவும் இவற்றைச் செய்ய வல்லன. ஆனால் கேட்டாலன்றி அவை செய்வதில்லை. ஆலையிலிருந்து வரும் ஆளிகள் பலவற்றில் எல்லாத் துளைகளும் முதலாம் எண் வலையமைப்பிலேயே கிடக்கும். கருவியின் நிலையைத் தொலைவிலிருந்து வினவும் நெறிமுறைக்கு ‘பப்ளிக்’ என்னும் சொல்லே இயல்புக் கடவுச்சொல்லாகப் பல்லாண்டு வழங்கிற்று. உலகெலாம் அறிந்த சொல்லைப் பூட்டாகக் கொள்வதிலும் பூட்டின்றி விடுவது மேல். பூட்டு உண்டென்ற பொய்யான நிம்மதியாவது மிஞ்சாது. 2016இல் மிராய் என்னும் தீநிரல் இலட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது மாயத்தினால் அன்று. ஏறத்தாழ அறுபது ஆலைக் கடவுச்சொற் சோடிகளை அது ஒவ்வொன்றாய் இட்டுப் பார்த்தது, மாற்றப்படாதவை திறந்துகொண்டன.

மாற்றி எழுதினாலும் அது நிலைக்கச் செய்தல் வேண்டும். பல கருவிகளில் இட்ட கட்டளை உடனே செயற்படும்; ஆனால் சேமிக்காவிடில் மின் அறுந்ததும் மறைந்துவிடும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு நிலவியது. சேமிக்கப்படாத கட்டளைகளுக்கு அதனினும் கடுமையான பரீட்சை வேண்டுவதில்லை.

இவையெல்லாம் தொழினுட்பவியலாளரின் சில்லறைக் கவலைகள், கலைப்பீடத்தாருக்கு இவற்றில் என்ன வேலை என்று வினவுவோர் உளர். அவர்கள் தம் நாட்டின் அண்மை வரலாற்றைச் சிறிது புரட்டுதல் நன்று. 2007 யூனில் தமிழ்நெற் இணையத்தளம் இலங்கைச் சேவை வழங்குநர்களால் தடுக்கப்பட்டது. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரிலிலும், மீண்டும் 2022 ஏப்ரிலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் ஆணை அரசினுடையது. ஆணை நிறைவேறிய இடம் சேவை வழங்குநரின் கருவிக்குள் எழுதப்பட்ட சில வரிகள். அவ்வரிகள் எந்தச் சுவரிலும் ஒட்டப்படவில்லை. பயனாளி கண்டது திறவாத பக்கமொன்றை மட்டுமே. நாடளாவிய அளவில் நிகழ்வது நிறுவன அளவிலும் நிகழும். பேரவையோ மூதவையோ எடுக்கும் முடிவுக்குக் கூட்டக் குறிப்புண்டு. மறுப்போர் பெயரும் பதியப்படும். விடுதி மாணவர் ஒருவருக்கு ஒரு கருவி மட்டுமே என்றோ, இரவு பத்துக்குப் பின் வேகம் பாதி என்றோ ஆளியில் எழுதப்படும் விதிக்குக் கூட்டமுமில்லை, குறிப்புமில்லை. கைப்பேசி ஒன்றை மட்டுமே உடைய மாணவியையும் மடிக்கணினி இரண்டுடைய மாணவனையும் அவ்விதி ஒரே வகையாகத் தொடுவதில்லை என்பதை எவர் ஆராய்ந்தார்? விதி எழுதப்படும் இடமெல்லாம் ஆட்சி நடைபெறும் இடமே. அதனை ஆராய்வது கலைப்பீடத்தாரின் நேர்த் தொழில்.

செல்வ நாடுகளில் இவை ஒழுங்காக நடைபெறும் என்னும் எண்ணமும் பிழையே. வடமராட்சியின் பல குடும்பங்களுக்கு உறவினர் வாழும் ரொறன்ரோ மாநகரே இதற்குச் சாட்சி. 2022 யூலை 8ஆம் நாள் கனடாவின் றொஜர்ஸ் நிறுவன வலையமைப்பு நாடு முழுவதும் வீழ்ந்தது. ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பயனாளிகள் தொடர்பிழந்தனர். வங்கி அட்டைகள் பயனற்றன. அவசர இலக்கத்தைப் பலரால் அழைக்க இயலவில்லை. கருவி பழுதாகவில்லை. பகிர்வு வழிப்படுத்திகளிலிருந்து வடிகட்டி ஒன்று அமைவாக்க மாற்றத்தின்போது நீக்கப்பட்டது. அதுவரை தடுக்கப்பட்டிருந்த வழித்தகவல்கள் மையக் கருவிகளுள் வெள்ளமெனப் புகுந்தன, மையம் மூழ்கிற்று. மதகுப் பலகையொன்றை எடுத்த கதையே அது. வேலையின் முந்திய கட்டங்கள் நன்கு முடிந்தமையால் அக்கட்டத்தின் இடர் குறைவானது என்று மதிப்பிடப்பட்டிருந்தது. பழுதுபார்க்க வேண்டியவர்களும் அதே வலையமைப்பையே நம்பியிருந்தமையால் அவர்களும் தொடர்பிழந்து நின்றனர். கருவியை ஆளும் வழி, கருவி சுமக்கும் வழியிலிருந்து வேறாதல் வேண்டும் என்னும் பழைய பாடம் அத்துணைப் பெரிய நிறுவனத்திலும் பின்பற்றப்படவில்லை. அப்பலகை அங்கே ஏன் இடப்பட்டது என்பதை அறிந்தவர் எடுக்குமுன் அஞ்சியிருப்பார்.

அமைவாக்கத்தின் உயிர்நிலை கட்டளையில் இல்லை, காரணத்தில் உண்டு. கட்டளை கருவிக்குரியது, கருவியே அதனைக் கேட்டவுடன் ஒப்புவிக்கும். காரணத்தை எக்கருவியும் ஒப்புவிக்காது. பதினேழாம் துளை ஏன் மூடப்பட்டது, ஆய்வுகூடத்துக்கு மட்டும் ஏன் தனி வழி, எவர் கேட்டனர், எவர் இசைந்தனர் என்பன ஒரு நிருவாகியின் தலையில் மட்டுமே உறைகின்றன. நல்ல சம்பளம் தேடி அவர் கடல் கடக்கும்போது தலையும் உடன் செல்வது இயற்கை. பின்வருபவர் அஞ்சி எதையும் தொடார். அன்றேல் அஞ்சாது எல்லாவற்றையும் அழித்து எழுதுவார்.

அக்காரணங்களைத் தமிழில் எழுதிவைத்தல் வேண்டும் என்று கூறினால் எழும் எதிர்ப்பு நன்கு பழகியது. கட்டளைகள் ஆங்கிலத்தில் உள்ளனவாம். கையேடுகள் ஆங்கிலத்தில் உள்ளனவாம். தமிழில் எழுதுவது வீண் பற்றாம். கட்டளைகளைத் தமிழாக்குமாறு எவரும் கோரவில்லை. மருந்தின் பெயர் இலத்தீனில் இருப்பதனால் நோயாளியிடம் நோயை இலத்தீனில் விளக்கும் மருத்துவர் உண்டா? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். அதற்கு வேண்டிய நூல்களையும் தமிழாக்கினார். கலைச்சொல் இல்லை என்பதும் இன்று பொருந்தாது. ஆளி, வழிப்படுத்தி, தீச்சுவர், தரவுப் பொதி என்னும் சொற்களைக் கொண்டே உயர்தர வகுப்பு மாணவர் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியலைத் தமிழ்மொழி மூலம் பயின்று பரீட்சை எழுதுகின்றனர். பதினெட்டு வயதில் கைவந்த சொற்கள் இருபத்தைந்து வயதில் அலுவலகக் கதிரையில் அமர்ந்ததும் நாவில் எழாமற் போவதற்கு மொழியின் வறுமையைக் காரணம் காட்டுவது நேர்மையன்று.

இதற்கு முன்மாதிரியும் தொண்டைமானாற்றிலேயே உண்டு. அங்குள்ள வெளிக்கள நிலையம் உயர்தர விஞ்ஞான மாணவர்க்கான மாதிரி வினாத்தாள்களைத் தமிழில் ஆக்கி வழங்கி வருவதனைக் குடாநாட்டு மாணவர் அனைவரும் அறிவர். கலைச்சொல் முற்றுப்பெறும் வரை காத்திருந்திருந்தால் ஒரு வினாத்தாளும் வெளிவந்திராது. வலையமைப்பு நிருவாகிகள் செய்யவேண்டுவது அதனினும் சிறிது. நிறுவனம் ஒவ்வொன்றும் தன் வாயிற் கருவிகளுக்கென ஒரு பதிவேடு திறக்கட்டும். துளை எண், அதனாற் பயன்கொள்வோர், இடப்பட்ட விதி, அதன் காரணம், இசைந்தவர் பதவி, நாள், மீளப் பழைய நிலைக்குத் திரும்பும் முறை என்பன அதில் எழுதப்படட்டும். ஒப்பந்தகாரருக்கான இறுதிக் கொடுப்பனவு அப்பதிவேடு கையளிக்கப்படும் வரை நிறுத்தி வைக்கப்படட்டும். மாணவர் பிரதிநிதி கேட்குமிடத்து, கடவுச்சொற்கள் நீங்கலாக, அது காட்டப்படட்டும். பதிவேடு தாளில் எழுதப்பட்டுக் கருவிச் சட்டத்தின் அருகிலேயே இருத்தல் நலம். மின் அறுந்த வேளையிற்றான் அது பெரும்பாலும் தேவைப்படும்.