பாறை வெடிப்பும் சுத்தியலும்

செங்குத்தான பாறைமீது ஏறுவோரைப் பற்றிப் பேசுங்கால், மிகக் கடினமான ஏற்றங்களையே எடுத்துப் பேசுவது உலக வழக்கமாயிருக்கிறது. ஆயின் ஒரு வித்தையின் ஒழுக்கம் எத்தகையதென்று அறிய வேண்டின், அதில் தலைசிறந்த நால்வரைப் பாராது, நடுத்தரத் திறமையுள்ள நானூறு பேர் என்ன செய்கின்றனர் என்று நோக்குவதே முறையென்பது எமது அபிப்பிராயம். இதற்குத் தக்க உதாரணமாக, அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து யோஸெமிட்டிப் பள்ளத்தாக்கிலுள்ள ‘நட்க்ராக்கர்’ என்னும் ஏற்றவழியை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

எல் காப்பிடான் என்னும் மாபெரும் கருங்கற் பாறைக்கு அணித்தே, ‘எருக்குவியல்’ என்று வேடிக்கையாகப் பெயரிடப்பட்ட சிறு பாறையொன்றில் இவ்வழி அமைந்திருக்கிறது. ஐந்து கட்டங்களாக ஏறி முடிக்கலாம். 5.0 முதல் இன்று 5.15 வரை நீண்டுள்ள அந்நாட்டு வரிசையில் இதற்கு 5.8 என்று மதிப்பிட்டிருக்கின்றனர். பழகியவர்க்கு நடுத்தரம், புதியோர்க்கு நடுக்கம்.

பாறையிலோடும் வெடிப்பே இங்கு ஏணி. விரல்களை நீட்டிக் கையை வெடிப்பினுள் நுழைத்துக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினால், கையின் சதை புடைத்து இருபுறச் சுவரையும் அழுத்தும். அவ்வழுத்தத்தில் உடலின் பாரத்தையே தொங்கவிடலாம். பாதத்தைப் பக்கவாட்டிற் சாய்த்துச் செருகி, முழங்காலை நேர்நிறுத்தினால் பாதமும் பூட்டிக்கொள்ளும். முதலில் ஏறுபவன் இடுப்பிற் கட்டிய கயிற்றைக் கீழே நிற்கும் துணைவன் சிறிது சிறிதாக விடுகிறான். கயிறு இருந்தால் மட்டும் போதாது. அதைப் பாறையோடு ஆங்காங்கே பிணிக்க வேண்டும். கடைசிப் பிணிப்புக்குப் பத்தடி மேலே நின்று கை நழுவினால், அதற்குப் பத்தடி கீழும், கயிறு நெகிழ்ந்து நீளும் அளவுமாக, இருபதடிக்கு மேல் விழ நேரிடும். ஆகவே எதைக்கொண்டு பிணிப்பது என்பதே உயிர் நாடியான கேள்வி.

முற்காலத்தில் எஃகு முளைகளை வெடிப்பில் சுத்தியலால் அறைந்தார்கள். ஐரோப்பாவில் மெல்லிரும்பு முளைகளைப் பெரும்பாலும் அறைந்த இடத்திலேயே விட்டுவிடுவர். யோஸெமிட்டியிலோ, ஜான் ஸலாத்தே என்னும் கொல்லர் 1940-களில் அடித்தளித்த கடின எஃகு முளைகளின் மரபே நிலைபெற்றது. அவை மறுபடியும் பயன்படத் தக்கவை. எனவே பின்வருபவன் இருபுறமும் தட்டித் தட்டிப் பிடுங்கிக்கொள்வான். அடுத்த வாரம் வேறொருவன் அதே துளையில் மறுபடி அறைவான். கருங்கல்லாயினும் எத்தனை அடி தாங்கும்? வெடிப்புகளின் ஓரங்கள் உதிர்ந்து குழிகள் விழுந்தன. அவ்விடத்தில் ‘ஸெரினிட்டி க்ராக்’, அதாவது அமைதி வெடிப்பு, என்றொன்றுண்டு, பெயர்தான் அமைதி! அதன் முதற்கட்டம் முழுவதும் முளைக்குழிகள். அக்குழிகளே இன்று விரற்பிடிகளாக உதவுகின்றன என்பதையும் மறைக்காமற் கூறிவிட வேண்டும்.

பிரிட்டனில் இதற்கு மாற்று முன்னமே தோன்றியிருந்தது. வேல்ஸ் நாட்டு மலையேறிகள் கூழாங்கற்களைப் பையிலிட்டுச் சென்று, வெடிப்பில் செருகி அவற்றைச் சுற்றிக் கயிறு கட்டினர். 1950-களில் இயந்திர நட்டுகளின் உட்புரியை அராவி நீக்கி, கயிறு கோத்துச் செருகலாயினர். 1966-இல் அங்குச் சென்று இதனைக் கண்ட ராயல் ராபின்ஸ், 1967-இல் தம் மனைவி லிஸ்ஸுடன் எருக்குவியற் பாறையில், சுத்தியலின்றி இத்தகைய நட்டுகளை மட்டுமே கொண்டு ஒரு புதுவழி ஏறினார். ஆங்கிலத்தில் ‘நட்’ என்பது கொட்டைக்கும் இயந்திர நட்டுக்கும் பெயர். ‘க்ராக்’ என்பது உடைத்தலுக்கும் வெடிப்புக்கும் பெயர். சைகோவ்ஸ்கியின் நாட்டிய நாடகத்தின் பெயரும் சேர்ந்துகொள்ள, ‘நட்க்ராக்கர்’ என்ற பெயர் மும்மடிச் சிலேடையாயிற்று.

ராபின்ஸ் இதனினும் கடுமையான வழிகள் பல ஏறியவர். அவருடைய கொள்கையை ஒரு பேராற்றலுடைய ஏற்றத்திற் காட்டியிருந்தால், ‘அது அவருக்கு இயலும்’ என்று பிறர் ஒதுங்கியிருப்பர். பலரும் ஏறத்தக்க வழியிற் காட்டியதனால் அந்தச் சாக்குப்போக்குக்கு இடமில்லாது போயிற்று. 1972-இல் இவான் ஷுயினார்ட், முளை விற்பனையே தம் வியாபாரத்தின் பெரும்பகுதியாயிருந்தும், தமது விலைப்பட்டியலிலேயே முளையைக் கண்டித்து, நட்டைப் பரிந்துரைத்தார். தன் சரக்கைத் தானே பழிக்கும் வணிகர் எத்தனை பேர்?

நிற்க. ‘பாறை பெரிதா, உயிர் பெரிதா? வெடிப்பின் பக்கத்திலேயே துளையிட்டு நிலையான ஆணிகளைப் பதித்துவிட்டால் நடுத்தரத்தார்க்கு நலமன்றோ?’ என்று வினவுவாருளர். ஆல்ப்ஸ் மலைப்பகுதிகள் சிலவற்றில் அவ்வாறே செய்துமிருக்கின்றனர். இவ்வினா அற்பமானதன்று. நட்டு கீழ்நோக்கிய இழுப்புக்கு அசையாது நிற்குமாயினும், கயிறு மேல்நோக்கியோ வெளிநோக்கியோ இழுத்தால் கழன்று விழக்கூடும். நட்க்ராக்கரின் இறுதிக் கட்டத்தில், கையூன்றி எழவேண்டிய புடைப்பில் தவறிக் கணுக்கால் முறிந்தோருண்டு.

எனினும் ஆணி பதிப்பதை யாம் ஒப்போம். ஆணியிட்ட வெடிப்பிற் பழகியவன் ஆணியில்லாத மலைக்கு ஒருநாள் போவான். போகாதே என்று எவர் தடுப்பார்? நட்டு எங்கே நிற்கும், எங்கே நில்லாது என்பதை அவன் அப்போது, உதவி எட்டாத உயரத்தில், முதன்முதலாகக் கற்க வேண்டிவரும். ஆகவே நடுத்தர வழிதான் பள்ளிக்கூடம். அங்கும் முதல்வனாக ஏறவேண்டுமென்ற கட்டாயமில்லை. இரண்டாமவனாகப் பின்சென்று, சிறு கொக்கித் தகட்டால் ஒவ்வொரு நட்டையும் கழற்றிக்கொண்டு ஏறுபவன், முன்சென்றவன் ஏன் இவ்விடத்தைத் தேர்ந்தான், எந்தக் குறுக்கத்தில் உலோகம் உட்கார்ந்தது என்று கைதொட்டுப் படிக்கிறான். சுத்தியல் காலத்தில் இரண்டாமவன் கற்றது பெரும்பாலும் அடிப்பதைத்தான்.

1978 முதல் ரே ஜார்டைன் கண்டுபிடித்த, வில்விசையால் விரிந்து பற்றும் ‘ப்ரெண்ட்ஸ்’ என்னும் கருவி விற்பனைக்கு வந்தபின், ஒருபடித்தான வெடிப்புகளிலும் பிணிப்பு எளிதாயிற்று. ஆணிக்கான வாதமும் அந்த அளவுக்கு மெலிந்தது.

இன்று நட்க்ராக்கரின் அடியில் முறைக்காகக் காத்திருப்போரைக் காணலாம். ரப்பர்க் காலணிகள் ஓயாது பட்டு, கால்வைக்கும் இடங்கள் சில கண்ணாடிபோல் வழவழத்துவிட்டன. சுத்தியலை ஒழித்தது எளிது. காலை எங்ஙனம் ஒழிப்பது?