நாரி நோவுக்கு மூன்று இலக்கங்கள்

ஒப்புநோக்கும் மேசையில் முப்பது வருடம் குனிந்திருந்த எனக்கு நாரி நோவு பழைய சிநேகிதம். அமெரிக்க வைத்தியர்கள் இதற்கு ‘எம் 54.5’ என்ற குறியீட்டை எழுதி வந்தனர். 2021 ஒக்டோபர் 1இல் அது மூன்றாகப் பிரிக்கப்பட்டது: காரணம் குறிப்பிடப்படாதது, முள்ளந்தண்டு என்பிலிருந்து எழுவது, ஏனையது. பழையதை எழுதினால் காப்புறுதிப் பணம் கிடையாது.

துல்லியம் நல்லதுதான். ஆனால், பத்தில் ஒன்பது பேருக்குத் திட்டமான காரணத்தைக் காண இயலாது என உலக சுகாதார ஸ்தாபனமே கூறுகிறதே! கட்டத்தை நிரப்புவதற்காக ஸ்கான் எடுத்துக் காரணம் தேடுவதா? கால் விறைக்கிறதா, சலம் தடைப்படுகிறதா, காய்ச்சல் உண்டா, உடல் மெலிகிறதா? நோயாளியின் குறிப்பில் முதலில் இருக்கவேண்டியவை இவையே. என்னிடம் இவற்றைக் கேட்டவர் ஒரேயொரு வைத்தியர். அவர் ஸ்கானுக்கு எழுதவில்லை, நடக்கச் சொன்னார்.