ஓசி பீர் சாம்பிள்: ஒரு அரசு டாக்டரின் நீளமான பதில்

1/ போன வாரம் நண்பன் ஒருத்தன் புதுச்சேரியில இருந்து ஒரு ஃபோட்டோ அனுப்பினான். மரப்பலகையில வரிசையா ஆறு குட்டி கிளாஸ், ஆறு நிறத்துல பீர். கூடவே ஒரு மெசேஜ்: "மச்சி, எல்லாம் ஃப்ரீ சாம்பிள். திண்டிவனத்துல இருந்து 40 கி.மீ. தானே, வாடா." அவனுக்கு எழுத ஆரம்பிச்ச பதில் நீண்டுடுச்சு. அதான் இந்த த்ரெட்.

2/ நான் விழுப்புரம் மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறேன். வெறும் எம்.பி.பி.எஸ். கல்லீரல் ஸ்பெஷலிஸ்டும் இல்ல, மனநல மருத்துவரும் இல்ல. காலேஜ் படிக்கிறப்ப நானும் பீர் குடிச்சிருக்கேன். அதனால இதை யாரும் சாமியார் உபதேசமா எடுத்துக்க வேணாம்.

3/ தெரியாதவங்களுக்கு: மைக்ரோபுரூவரின்னா, அங்கேயே பீர் காய்ச்சி, அங்கேயே குழாயில பிடிச்சுக் கொடுக்கிற இடம். பெங்களூருவில பத்து வருஷத்துக்கு மேல இருக்கு. இப்ப புதுச்சேரியிலயும் வந்தாச்சு. "எது பிடிக்குதுன்னு முதல்ல டேஸ்ட் பாருங்க"ன்னு குட்டி கிளாஸ்ல ஓசியா கொடுக்கிறது இந்தத் தொழில்ல ரொம்ப சகஜம்.

4/ என் கருத்தை முதலிலேயே சொல்லிடுறேன். பீர் விற்கிறவங்க விற்கட்டும், அது சட்டப்படியான தொழில். ஆனா இலவசமா சாம்பிள் கொடுக்கிறதை நிறுத்தணும். ருசி பார்க்கணும்னா அதுக்கு ஒரு விலை இருக்கணும். ஏன்னு சொல்றேன்.

5/ ஒரு நோயாளியோட கதை. அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். நாற்பது வயசு, வாடகை கார் டிரைவர். திண்டிவனம் பக்கம் கிராமம். தினமும் குடிச்சிட்டு இருந்தவர். ஒரு தடவை ரத்த வாந்தி எடுத்து அட்மிட் ஆனார். அதோட விட்டுட்டார். 14 மாசம் ஒரு சொட்டு தொடல.

6/ 14 மாசம்னா சும்மா இல்ல. ஊர்த் திருவிழா, மச்சினன் கல்யாணம், தீபாவளி, ஒரு சாவு வீடு, எல்லாத்தையும் தாண்டி வந்தவர். ஒவ்வொரு செக்கப்புக்கும் மனைவியோட வருவார். அந்த அம்மா முகத்துல ஒரு தெளிவு வந்திருந்தது. ஓபியில அப்படி ஒரு முகத்தைப் பார்த்தா அன்னிக்கு முழுக்க நமக்கு வேலை பார்க்கத் தெம்பு வரும்.

7/ ஒரு சனிக்கிழமை சென்னையில இருந்து ஒரு பார்ட்டியைப் புதுச்சேரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். அவங்க உள்ள சாப்பிட்டுட்டு இருக்க, பில் விஷயமா இவரையும் உள்ள கூப்பிட்டிருக்காங்க. கவுண்டர்ல இருந்த பையன் சின்ன கிளாஸ் ஒண்ணை நீட்டி, "அண்ணா, சும்மா டேஸ்ட் பாருங்க, காசு இல்ல"ன்னு சொல்லியிருக்கான்.

8/ அந்தப் பையன் மேல எனக்குக் கோபமே இல்ல. டிரைவரை வாசல்லயே நிக்க வைக்கிற ஊர்ல, உள்ள கூப்பிட்டு மரியாதையா உபசரிச்சிருக்கான். அந்த மரியாதையைத்தான் இவரால மறுக்க முடியல. "வேணாம்னு சொன்னா தப்பா நெனச்சுக்குவாங்களோன்னு வாங்கிட்டேன் சார்"னு என்கிட்ட சொன்னார்.

9/ பார்ட்டியை இறக்கிவிட்டுட்டு, வீட்டுக்குப் போற வழியில ஒரு குவார்ட்டர். மறுநாள் இன்னொண்ணு. ஒரு வாரத்துல பழைய அளவு. மூணாவது வாரம் வீட்ல சண்டை, கையில காசு இல்ல, திடீர்னு நிறுத்தியிருக்கார். அடுத்த நாள் ராத்திரி ஃபிட்ஸ். கேஷுவாலிட்டிக்கு வந்தப்ப நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். என் டியூட்டி.

10/ பொழைச்சிட்டார். ஆனா நாலு நாள் கட்டிலோட கட்டி வைக்க வேண்டிய நிலை. சுவத்துல பூச்சி ஊருதுன்னு கத்தினார். மனைவியை யாருன்னு தெரியல. இதுக்குப் பேர் டெலிரியம் டிரெமன்ஸ். நல்ல சிகிச்சை கிடைக்கலைன்னா உயிர் போகும்.

11/ "ஒரு குட்டி கிளாஸ் பீரா இதுக்குக் காரணம்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அன்னிக்கு இல்லன்னா வேற ஒரு நாள் வேற எங்கயாவது நடந்திருக்கலாம். என்னால நிரூபிக்க முடியாது.

12/ ஆனா ஒண்ணு தெரியும். குடியை விட்டவங்களுக்கு நாங்க சொல்லித்தர்ற முக்கியமான பாடமே, ஆசை வந்தா தள்ளிப்போடுங்கன்னுதான். தண்ணி குடிங்க, யாருக்காவது போன் பண்ணுங்க, கொஞ்சம் நடங்க. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள அந்த அலை இறங்கிடும்.

13/ காசு கொடுத்து வாங்கணும்னா ஆர்டர் பண்ணணும், பர்ஸை எடுக்கணும், நோட்டை எண்ணணும். அந்த இடைவெளியில பொண்டாட்டி முகம் ஞாபகம் வரும், ஸ்கூல் ஃபீஸ் ஞாபகம் வரும். 14 மாசம் அவரைக் காப்பாத்தினது அந்த இடைவெளிதான். ஓசி கிளாஸ் அதைத் துடைச்சிடுது. கேட்காமலே கைக்கு வந்துடுது.

14/ சரி, குடிநோய் இல்லாத ஆளுக்கு? கணக்குப் போடுவோம். ஒரு சாம்பிள் 60 மி.லி.ன்னு வைங்க. ஆறு வகை, மொத்தம் 360 மி.லி. பீர்ல ஆல்கஹால் 6 சதவீதம்னா சுமார் 17 கிராம் சுத்தமான ஆல்கஹால் உள்ள போகுது.

15/ 60 கிலோ எடை உள்ள ஆண், வெறும் வயித்துல, வேகமா குடிச்சா ரத்தத்துல 100 மி.லி.க்கு 40 மி.கி. வரை போகலாம். பெண்களுக்கு இன்னும் கூட. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவுப்படி எல்லை 30 மி.கி. முதல் தடவை மாட்டினா ₹10,000 அபராதம், 6 மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டும்.

16/ அதாவது ஒரு ரூபாய்க்குக் கூட பீர் வாங்காமலே சட்டப்படி குடிபோதையில வண்டி ஓட்டுறவரா நீங்க ஆகலாம். "நான் குடிக்கலையே, டேஸ்ட் மட்டும்தான் பார்த்தேன்"னு நீங்க நம்பிட்டிருப்பீங்க. கல்லீரலுக்கு சாம்பிளும் தெரியாது, பில்லும் தெரியாது.

17/ அங்க இருந்து திரும்பி வர்ற ரோடு எதுன்னு பாருங்க. ஒரு பக்கம் கிளியனூர் வழியா திண்டிவனம். இன்னொரு பக்கம் கண்டமங்கலம், வளவனூர் வழியா விழுப்புரம். ரெண்டுமே ஏறக்குறைய 40 கி.மீ. லாரி, பஸ், இருட்டுல குறுக்க வர்ற மாடு. ஞாயித்துக்கிழமை ராத்திரி இந்த ரோடுகள்ல இருந்து வர்ற ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு எங்க காது பழகிடுச்சு.

18/ இன்னொரு விஷயம் வயசு. தமிழ்நாட்டுல மது வாங்க 21 ஆகணும். புதுச்சேரியில 18 போதும். விழுப்புரம் காலேஜ் பையன் 19 வயசுல இங்க வாங்க முடியாததை, ஒரு பஸ் டிக்கெட் தூரத்துல சட்டப்படி வாங்கலாம். அவனுக்கு முதல் கிளாஸை ஓசியாவும் கொடுத்தா, அதை உபசரிப்புன்னு சொல்றதா, ஆள் பிடிக்கிறதுன்னு சொல்றதா?

19/ இப்ப முக்கியமான பாயிண்டுக்கு வர்றேன். குழந்தைகளுக்கான பவுடர் பால் டின்னை இந்தியாவுல இலவச சாம்பிளா கொடுக்க முடியாது. 1992-ல இருந்து சட்டம் இருக்கு. பிரசவ வார்டுல கம்பெனிக்காரர் ஒரு டின்னை அன்பளிப்பா வெச்சுட்டுப் போனா குற்றம்.

20/ ஏன் அந்தச் சட்டம்? முதல் டின் ஓசி. அதைக் கொடுக்கக் கொடுக்க தாய்ப்பால் சுரப்பு குறையும். ஓசி டின் தீர்ந்ததும் காசு கொடுத்து வாங்கியே ஆகணும். இலவசத்தோட வேலை என்னன்னு நம்ம நாடாளுமன்றம் 1992-லயே புரிஞ்சுகிட்டது. அதுவும் சத்துள்ள ஒரு பொருளுக்கு.

21/ அடுத்தது எங்க ஆளுங்க கதை. மருந்து கம்பெனி ரெப் டாக்டருக்கு சாம்பிள் கொடுப்பார். எதுக்கு? பாசத்துலயா? சாம்பிள் கொடுத்த மருந்தை டாக்டர் கை தானா எழுதும்னு கம்பெனிக்குத் தெரியும். எனக்கும் தெரியும், என் கையும் எழுதியிருக்கு. இதை ஒத்துக்க எனக்கு வெட்கம் இல்ல.

22/ அதனாலதான் மத்திய அரசு 2024-ல கொண்டுவந்த மருந்து விற்பனை நடத்தை விதிகள் சாம்பிளுக்கு வரம்பு வெச்சுது. ஒரு டாக்டருக்கு ஒரு மருந்துல வருஷத்துக்கு 12 பேக் மட்டும். இன்னொரு வரியும் அதுல இருக்கு: தூக்க மருந்து, மயக்கம் தர்ற மருந்து, மன அமைதி மருந்து இதையெல்லாம் சாம்பிளா கொடுக்கவே கூடாது.

23/ திரும்பப் படிங்க. அஞ்சரை வருஷம் படிச்ச டாக்டர் கையிலேயே மூளையை மந்தமாக்குற மருந்தை ஓசியா கொடுக்கக் கூடாது. ஆனா ஆல்கஹாலை, அதுவும் மூளையை மந்தமாக்குற பொருள்தான், கார் சாவி கையில வெச்சிருக்கிற யாருக்கும் கொடுக்கலாமா? என்ன லாஜிக் இது?

24/ மது விளம்பரத்தை டிவியில காட்டக் கூடாது. அதனாலதான் சோடா, மியூசிக் சிடின்னு வேற பேர்ல சுத்தி வளைச்சுக் காட்டுறாங்க. கண்ணுல காட்டக் கூடாத விளம்பரத்தை நேரா வாயில ஊத்தினா மட்டும் சரியா?

25/ இனி வழக்கமா வர்ற எதிர்க் கேள்விகள். "ஸ்வீட் கடையில மைசூர்பாகு ஒரு துண்டு கொடுக்கலையா?" கொடுக்கிறாங்க. என் சுகர் பேஷண்டுகளுக்காக அதுவும் எனக்குப் பிடிக்காதுதான். ஆனா மைசூர்பாகு தின்னவர் எதிர்ல வர்ற டூவீலர் மேல ஏத்துறது இல்ல. 14 மாசம் மைசூர்பாகை விட்டவருக்கு ஃபிட்ஸும் வர்றது இல்ல.

26/ "பிடிக்காத பீரை 400, 500 ரூபாய் கொடுத்து வாங்கி வீணாக்கணுமா?" இது நுகர்வோர் பக்கத்துல உண்மையான நியாயம். மறுக்கல. அதுக்குத்தான் காசுக்கு சாம்பிள். குட்டி கிளாஸ் 30 மி.லி., விலை போட்டு, ஆளுக்கு ரெண்டு மட்டும், பில்லுல வரணும். பீர் வாங்கினா கழிச்சுக் கொடுங்கன்னு கேட்பீங்க. வேணாம், அப்புறம் அதுவும் ஓசிதான்.

27/ "கள்ளச்சாராயத்துல ஜனங்க சாகுறாங்க, நீங்க பீரைப் பேசுறீங்களே?" 2023 மே மாசம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பமும், செங்கல்பட்டு மாவட்டமும் சேர்த்து 20க்கும் மேல செத்தாங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 60க்கும் மேல. மெத்தனால் கண்ணைப் பறிக்கிறதும் உயிரைப் பறிக்கிறதும் இந்தப் பக்கத்து டாக்டர்களுக்குப் புத்தகப் பாடம் இல்ல.

28/ அதுக்காகப் பீர் பத்திப் பேசக் கூடாதா? கருணாபுரத்துல சாகிறவர் கூலித் தொழிலாளி, அதனால மதுன்னா ஏழையோட பிரச்னைன்னு நாம முடிவு பண்ணிட்டோம். மரப்பலகையில ஆறு கிளாஸ் வெச்சு இங்கிலீஷ்ல பேர் சொன்னா அது கலாச்சாரம். உள்ள இருக்கிறது அதே எத்தனால். ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும்னு 1988-லயே சொல்லியாச்சு. பாதுகாப்பான அளவுன்னு எதுவும் இல்லன்னு 2023 ஜனவரியில உலக சுகாதார நிறுவனம் சொல்லுச்சு.

29/ "டாஸ்மாக்கை மூடச் சொல்லு முதல்ல." நல்லா சொல்லலாம். மதுவிலக்கை நோக்கி அரசு முயலணும்னு அரசியலமைப்பு 47-ஆவது பிரிவே சொல்லுது. 2003-ல இருந்து சில்லறை விற்பனை அரசு கையில. அந்தச் சண்டை பெருசு, போடுறவங்க போடட்டும். நான் கேட்கிறது ரொம்பச் சின்னது. டாஸ்மாக்ல கூட யாரும் ஓசியில ருசி காட்டுறது இல்ல.

30/ அப்ப என்ன பண்ணலாம்? ஒண்ணு, இலவச சாம்பிளுக்குத் தடை, உரிமத்தோட நிபந்தனையாவே. ரெண்டு, புதுச்சேரியிலயும் வயசு 21. மூணு, "வண்டி யார் ஓட்டுறீங்க?"னு கேட்டுட்டுத்தான் முதல் கிளாஸ். நாலு, ஓசியில கொடுத்தே ஆகணும்னா தண்ணி கொடுங்க. இங்கிலாந்துல 2010-ல இருந்து மது விடுதிகள் கேட்கிறவங்களுக்கு இலவசமா குடிதண்ணி கொடுத்தாகணும்னு விதியே இருக்கு.

31/ உங்களால முடிஞ்சது ஒண்ணு இருக்கு. யாராவது "வேணாம்"னு சொன்னா, "ஒரு வாய்தானே"ன்னு வற்புறுத்தாதீங்க. காரணம் கேட்காதீங்க. குடியை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரை எடுக்கிறவருக்கு அந்த ஒரு வாயே வாந்தி, படபடப்பு, பி.பி. இறக்கம்னு ஆஸ்பத்திரியில கொண்டுவந்து சேர்க்கும்.

32/ தினமும் அதிகமா குடிக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா: தயவுசெஞ்சு திடீர்னு தனியா நிறுத்தாதீங்க. பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாங்க, மருந்தோட நிறுத்தலாம். யாரும் திட்ட மாட்டாங்க. மனசு விட்டுப் பேச 14416, இலவச எண்.

33/ அந்த டிரைவர் திரும்ப நிறுத்திட்டார். இப்ப அஞ்சாவது மாசம். போன தடவை வந்தப்ப சொன்னார்: "இனிமே புதுச்சேரி போனா வண்டியை விட்டு இறங்குறதே இல்ல சார். ஏசியைப் போட்டுட்டு கண்ணாடியை ஏத்திட்டு உக்காந்துடுவேன்."

34/ ஒரு ஊருக்குள்ள போய் கண்ணாடியை ஏத்திட்டு உக்காந்திருக்க வேண்டிய நிலையில ஒரு மனுஷன் இருக்கார். அவரை மாதிரி எத்தனை பேர்னு யோசிங்க. உங்களுக்கு அது ஒரு குட்டி கிளாஸ். அவருக்கு 14 மாசம்.

35/ மச்சி, உனக்குப் பதில்: ஞாயித்துக்கிழமை டியூட்டி இல்ல, வர்றேன். பீச்ல உக்காந்து காபி குடிக்கலாம். காசு நீயே கொடு. வண்டியை நான் ஓட்டுறேன்.