ஒட்டுவது வேறு, வெட்டுவது வேறு

மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையில், 20 எழுத்து நீள வழிகாட்டிப் பகுதி கொண்ட ஆர்.என்.ஏ. ஒன்று, டி.என்.ஏ.வை வெட்டும் காஸ்9 புரதத்தைக் குறித்த மரபணுவுக்கு இட்டுச் செல்கிறது. வழிகாட்டியோடு பொருந்தாமல் இரண்டு மூன்று எழுத்து பிசகிய இடங்களிலும் காஸ்9 ஒட்டிக்கொள்வதுண்டு. ஒட்டிய இடமெல்லாம் வெட்டுப்படுவதில்லை என்பதால் இரண்டையும் தனித்தனியே தேடவேண்டும். வெட்டும் திறன் நீக்கிய காஸ்9-ஐச் செல்லுக்குள் விட்டு, அது பற்றியிருக்கும் டி.என்.ஏ. துண்டுகளை ஆன்டிபாடியால் பிரித்து வாசித்தால் ஒட்டிய இடங்கள் தெரியும். வெட்டுகளைக் காட்டிக்கொடுப்பது 2015-இல் வெளியான கைடு-சீக் என்ற சோதனை முறை. அதில் வெட்டுவாயில் ஒரு சிறு அடையாளத் துணுக்கு செருகிக்கொள்ளும். பிசகிய இடங்களைப் பற்றிக் கணினி தரும் உத்தேசப் பட்டியல் இந்தச் சோதனைகளுக்கு ஈடாகாது.

டெல்லி ஐ.ஜி.ஐ.பி. நிறுவன ஆய்வாளர்கள் 2019-இல் காட்டியது இன்னும் சுவையானது: பிரான்சிசெல்லா நோவிசிடா பாக்டீரியாவின் காஸ்9, பிசகிய இடங்களில் ஒட்டவே தயங்குகிறது. மரபணுத் திருத்தச் சிகிச்சை பெறும் நோயாளிக்கு இந்தக் கறார்த்தன்மை அவசியம். நெல்லில் பிசகிய செடியைக் கழித்துவிடலாம். மனித உடலில் அதற்கு வழியில்லை. ஆனாலும் சம்பா மசூரி நெல்லைத் திருத்தி 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட ‘கமலா’ போன்ற ரகம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாய்ப் பாசன வயல்களுக்கு வரும்போது, பிசகுச் சோதனை முடிவுகளும் தமிழில் கூடவே வரவேண்டும்.