ஒரே லேப்டாப்பில் இரண்டு குடித்தனம்!

மகனின் கல்லூரிப் படிப்புக்காக எட்டு, ஒன்பது வருடங்களுக்கு முன்பு வாங்கிய லேப்டாப் பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவின் டேலி கணக்கு, பேத்தியின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள், வங்கி வேலை... எல்லாம் அதில்தான். ஆனால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களில் பெரும்பாலானவற்றை அது ஏற்பதில்லை.

நன்றாக ஓடும் லேப்டாப்பைத் தூக்கிப்போட மனம் வராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை இலவசமாக நிறுவலாம். டேலிக்கு விண்டோஸ், இன்டர்நெட்டுக்கும் வங்கி வேலைக்கும் லினக்ஸ் என்று பிரித்துக்கொள்ளலாம். இது நமக்குப் புதிதும் அல்ல. தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களிலேயே விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது.

வீட்டில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விடுவதுபோலத்தான் இதுவும். முதலில் அந்த இடத்தைக் காலி செய்து தர வேண்டும். சி டிரைவைச் சுருக்கி இடம் ஒதுக்கும் இந்த வேலையில்தான் பலர் போட்டோக்களைப் பறிகொடுக்கிறார்கள்.

டி டிரைவ் பேக்கப் ஆகாது

"எல்லாவற்றையும் டி டிரைவில் போட்டுவிட்டேன்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். பெரும்பாலான லேப்டாப்களில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கின் இரண்டு துண்டுகள். ஏதாவது தவறினால் இரண்டும் சேர்ந்தே போகும். எனவே முக்கியமான ஃபைல்களைத் தனியான எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்து, நான்கைந்தைத் திறந்து பார்த்து, அதைக் கழற்றி பீரோவில் வைத்த பிறகுதான் அடுத்த வேலை.

முதலில் ஒத்திகை

லினக்ஸை ஒரு 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். (பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும்.) வைஃபை, ஸ்பீக்கர், பிரின்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். வேலை செய்யாவிட்டால் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம்.

இரண்டு பூட்டுகள்

செட்டிங்ஸில் பிட்லாக்கர் அல்லது 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்று கவனியுங்கள். ஆன் ஆகியிருந்தால், அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைப் பேப்பரில் எழுதி வைத்துவிட்டு, அதை ஆஃப் செய்யுங்கள். பூட் அமைப்பு மாறும்போது லேப்டாப் அந்த எண்ணைக் கேட்கக்கூடும். எண் இல்லையென்றால் உங்கள் ஃபைல்களை நீங்களே திறக்க முடியாது.

அடுத்தது 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. இது ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அதே டிரைவில் எழுதினால் ஃபைல்கள் கெடலாம். கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குப் போய் இதையும் ஆஃப் செய்துவிடுங்கள்.

சுருக்குவது எப்படி?

ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். சி டிரைவை ரைட் கிளிக் செய்தால் 'ஷ்ரிங்க் வால்யூம்' வரும். அங்கே கேட்கப்படுவது எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற அளவு. எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும் என்பதல்ல. பலர் இதை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். அளவு எம்பி-யில் இருக்க வேண்டும். 60 ஜிபி வேண்டுமென்றால் 60-ஐ 1,024-ஆல் பெருக்கி 61440 என்று தரவேண்டும். லினக்ஸ் மின்ட்டுக்குக் குறைந்தபட்சம் 20 ஜிபி போதும் என்றாலும், 60 இருந்தால் நெருக்கடி இல்லை. விண்டோஸுக்கும் 20, 30 ஜிபி காலி இடம் விட்டுவையுங்கள்.

டிரைவில் 100 ஜிபி காலியாக இருந்தும் 5 ஜிபிதான் குறைக்க முடியும் என்று காட்டுகிறதா? நகர்த்த முடியாத சிஸ்டம் ஃபைல் ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து மீண்டும் முயலுங்கள். சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனை நிறுத்தினால் பழைய ரீஸ்டோர் பாயின்ட்டுகள் போய்விடும் என்பது நினைவிருக்கட்டும். சுருக்கி முடித்ததும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனையும் மறுபடி ஆன் செய்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் கறுப்புப் பட்டையுடன் 'அன்அலகேட்டட்' என்று ஓர் இடம் தெரியும். அதை ஃபார்மட் செய்யாமல் அப்படியே விடுங்கள். விண்டோஸ் ஒழுங்காகத் திறக்கிறதா என்று ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு வரி

லினக்ஸை நிறுவும்போது 'இன்ஸ்டால் அலாங்சைட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனுடனேயே 'இரேஸ் டிஸ்க்' என்றும் ஒரு வாய்ப்பு இருக்கும். அதை அழுத்தி நிறுவினால் விண்டோஸ், டேலி, போட்டோ எல்லாம் போய்விடும். 'அலாங்சைட்' என்ற வாய்ப்பே வரவில்லையென்றால், யோசிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு நாள் செய்யலாம்.

முடியும்வரை சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். பாதியில் கரன்ட் போனால் சிக்கல்தான்.

பிறகு விண்டோஸைத் திறக்கும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் பதற வேண்டாம். லினக்ஸ் உலகப் பொது நேரத்தைக் குறித்து வைப்பதால் வரும் குழப்பம் அது. நேர செட்டிங்ஸில் 'சிங்க் நவ்' கொடுத்தால் அப்போதைக்குச் சரியாகும்.

லினக்ஸ் பிடிக்கவில்லையா? அந்த இடத்தை உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் பயோஸில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் வரும்படி மாற்றி, விண்டோஸ் நேராகத் திறக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு போர்ஷனைக் காலி செய்து, சி டிரைவோடு சேர்த்துக்கொள்ளலாம். பீரோவில் இருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை மட்டும் அழித்துவிடாதீர்கள். லேப்டாப் இரண்டு குடித்தனமாக இருந்தாலும் ஒன்றாக இருந்தாலும், அந்தப் போட்டோக்களுக்கு இன்னொரு பிரதி வேண்டும்.