முகாம் போடறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு போடுங்க

1/
ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. இந்தத் தோல் தொழில் ஊர்கள்ல இருக்கற ரோட்டரி, லயன்ஸ் நண்பர்களுக்காக எழுதறேன். கிளப்ல இல்லாதவங்களும் படிங்க. உங்க கம்பெனி முதலாளியோ, ஆடிட்டரோ, பக்கத்துக் கடைக்காரரோ ஏதாவது ஒரு கிளப்ல இருப்பார். அவருக்கு அனுப்பி வைங்க.

2/
ஜூலை 1 வந்தா கிளப்புக்குப் புதுத் தலைவர், புதுச் செயலாளர். முதல் கூட்டத்துலயே ஒரு கேள்வி வரும்: "இந்த வருஷம் எத்தனை மெடிக்கல் கேம்ப்?" பேனர் அடிப்பாங்க, கல்யாண மண்டபம் பிடிப்பாங்க, டாக்டரைக் கூப்பிடுவாங்க. பிரஷர், சுகர் பார்ப்போம். மதியம் பிரியாணி. சாயங்காலம் வாட்ஸ்அப்ல போட்டோ.

தப்புன்னு சொல்லலை. ஞாயித்துக்கிழமை தூக்கத்தை விட்டுட்டு வர்றவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. என் கருத்து இதுதான்: நம்ம ஊருக்கு இன்னொரு முகாமை விட, எந்த உதவி எங்கே கிடைக்கும்னு தெரிஞ்ச ஒரு கிளப் உறுப்பினர் அதிகம் தேவை.

3/
ஏன்னு ஒரு உதாரணத்தோட பாருங்க.

ஷூ கம்பெனியில தையல் மெஷின்ல வேலை செய்யற ஒரு பெண்ணுன்னு வைச்சுக்கோங்க. மூணு வாரமா இருமல். முகாம்ல சளிப் பரிசோதனைக்கு அனுப்பறோம். காசநோய்னு வருது. மாத்திரை அரசாங்கத்துல இலவசம். "ஆறு மாசம் விடாம சாப்பிடும்மா"ன்னு சொல்லி அனுப்பிடறோம். நம்ம கணக்குல முகாம் வெற்றி.

அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய் என்ன யோசிக்கும்? வேலைக்குப் போகலைன்னா வாடகை எப்படி? கம்பெனியில தெரிஞ்சா என்ன ஆகும்? ரெண்டு மாசத்துல இருமல் நின்னதும் மாத்திரையை விட்டுட்டு வேலைக்கு ஓடும். நோய் திரும்ப வரும், மருந்துக்கு மசியாத நோயாகவும் வரலாம். வீட்டுல இருக்கற குழந்தைக்கும் ஆபத்து.

4/
ஆனா அந்தப் பெண்ணோட சம்பளத்துல மாசாமாசம் இ.எஸ்.ஐ. பிடிச்சிருக்காங்க. தகுதி இருந்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70% வீட்டுக்கு வரும். காசநோய் மாதிரி நீண்டகால நோய்க்கு, ரெண்டு வருஷம் தொடர்ந்து வேலையில இருந்திருந்தா, அதுக்கு மேலயும் 80% வரும். தனியா, காசநோய் சிகிச்சையில இருக்கற எல்லாருக்கும் சத்துணவுக்காக மத்திய அரசு மாசம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குல போடுது. 2018ல 500 ரூபாயா ஆரம்பிச்சது, 2024 நவம்பர்ல 1,000 ஆச்சு.

பணம் இருக்கு, திட்டம் இருக்கு. அந்தப் பெண்ணுக்கும் திட்டத்துக்கும் நடுவுல ஒரு ஆள் இல்லை. அந்த ஆளா நீங்க இருக்கலாம்னுதான் சொல்றேன்.

5/
"எங்களுக்கே இதெல்லாம் தெரியாதே டாக்டர்"னு சொல்வீங்க. நியாயம்தான். தொழில் பண்றவங்க, கடை வைச்சிருக்கவங்க இ.எஸ்.ஐ. மருந்தகத்துல டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்க மாட்டீங்க. அதோட கிளப்புல பொறுப்பு வருஷாவருஷம் மாறுது. போன வருஷத் தலைவர் கஷ்டப்பட்டுத் தெரிஞ்சுகிட்டது அவரோட போன்லயே தங்கிடுது.

எந்த ஆபீஸ்னே குழப்பம் வேற. 2019ல பழைய வேலூர் மாவட்டம் மூணா பிரிஞ்சுது. ஆம்பூர், வாணியம்பாடி இப்போ திருப்பத்தூர் மாவட்டம். மேல்விஷாரம், வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டம். பேரணாம்பட்டு மட்டும் வேலூரோட நின்னுச்சு. ஆம்பூர்க்காரரைப் பழக்கத்துல வேலூர் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பினா அவருக்கு ஒரு நாள் கூலி போச்சு.

அதனால ஒரு நோட்டு வாங்குங்க. நாற்பது ரூபாய் நோட்டு போதும். அதுல என்ன எழுதணும்னு சொல்றேன்.

6/
முதல் பக்கம்: இ.எஸ்.ஐ.

முகாமுக்கு வர்றவங்ககிட்ட முதல் கேள்வியே "சம்பளத்துல இ.எஸ்.ஐ. பிடிக்கறாங்களா?"ன்னு இருக்கட்டும். மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் இருக்கறவங்களுக்கு இது பொருந்தும். தொழிலாளி பங்கு 0.75%, முதலாளி பங்கு 3.25%. சிகிச்சை குடும்பத்துக்கும் சேர்த்து. பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு. வேலையில அடிபட்டா, குணமாகற வரைக்கும் சம்பளத்துல 90%.

உங்க ஊர் இ.எஸ்.ஐ. மருந்தகம் எந்தத் தெருவுல, எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த ஃபாரம். இதை நேர்ல போய்ப் பார்த்து எழுதுங்க.

7/
ரெண்டாவது பக்கம்: இ.எஸ்.ஐ. இல்லாதவங்க.

நம்ம பக்கம் எத்தனை வீட்டுல பெண்கள் திண்ணையில உட்கார்ந்து ஷூவோட மேல்பாகம் தைக்கறாங்க, ஜோடிக்கு இவ்வளவுன்னு! கம்பெனி ரெஜிஸ்டர்ல அவங்க பேர் இருக்காது. முதுகுவலி, கண்வலி, ரத்தசோகை எல்லாம் அவங்களுக்கும் உண்டு.

இவங்களுக்குன்னே தமிழ்நாட்டுல ஒரு நல வாரியம் இருக்கு: காலணி, தோல் பொருள் தயாரிப்பு மற்றும் தோல் பதனிடும் தொழிலாளர் நல வாரியம். 18 வயசுல இருந்து 60 வரைக்கும் பதிவு பண்ணலாம். பிள்ளைங்க படிப்பு, பிரசவம், விபத்து, 60க்கு அப்புறம் ஓய்வூதியம்னு உதவிகள் இருக்கு. மத்திய அரசோட இ-ஷ்ரம் பதிவு தனி. ரெண்டுக்கும் ஒரே சனிக்கிழமை உட்கார்ந்து பதிவு பண்ணிக் கொடுக்கலாம். உருது தெரிஞ்ச ஒரு பெண் உறுப்பினர் கூட இருந்தா பல வீட்டுக் கதவு திறக்கும்.

8/
மூணாவது பக்கம்: ஆஸ்பத்திரிச் செலவு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேணும். நெஞ்சுவலி வந்தப்புறம் சான்றுக்கு அலையறது எவ்வளவு கொடுமைன்னு எமர்ஜென்சி வார்டு வாசல்ல நின்னவங்களுக்குத் தெரியும். நல்லா இருக்கும்போதே கார்டு வாங்கி வைக்கணும். இதுக்கு டாக்டர் தேவையில்லை, நீங்க போதும்.

9/
நாலாவது பக்கம்: முகாம்ல கண்டுபிடிச்ச சுகர், பிரஷர்.

சுகர் 280ன்னு சீட்டு எழுதிக் கொடுத்துட்டு விட்டா, அந்தச் சீட்டு சட்டைப் பையோட துவைச்சுப் போயிடும். 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் வழியா மாத்திரை வீட்டுக்கே வரும். உங்க வார்டு நர்ஸ் யாரு, ஆரம்ப சுகாதார நிலையம் எதுன்னு எழுதி, அன்னைக்கே பேரைச் சேர்த்துடுங்க.

கால்ல உணர்ச்சி குறைஞ்ச சர்க்கரை நோயாளிக்குச் சரியான செருப்பு ஒரு மருந்து மாதிரி. காட்பாடி பக்கம் கரிகிரியில ஷீஃப்ளின் நிறுவனம் 1955ல இருந்து தொழுநோயாளிகளைப் பார்க்குது. உணர்ச்சி இல்லாத கால்களுக்குக் காலணி செய்யறதுல பழுத்த அனுபவம் அவங்களுக்கு. உலகத்துக்கே ஷூ அனுப்பற நம்ம ஊர்ல, பொருந்தாத செருப்பால புண் வந்து ஒருத்தர் விரலை இழக்கறது நியாயமா? தோல் தொழில்ல இருக்கற உறுப்பினர்கள் இதை யோசிங்க.

10/
அஞ்சாவது பக்கம்: உங்க கிளப்புக்கே கிடைக்கற உதவி. இதுதான் உறுப்பினர்கள்ல பலருக்குத் தெரியாதது.

ரோட்டரி ஃபவுண்டேஷனோட குளோபல் கிராண்ட்டுக்குத் திட்டத்தோட குறைஞ்சபட்ச மதிப்பு 30,000 டாலர். வெளிநாட்டு கிளப் ஒண்ணு கூட்டா வரணும். ஊருக்கு உண்மையில என்ன தேவைன்னு முதல்ல ஆய்வு பண்ணிக் காட்டணும். ஒரு நாள் முகாமுக்கு அது கிடைக்காது. சின்ன வேலைக்கு டிஸ்ட்ரிக்ட் கிராண்ட் இருக்கு. லயன்ஸ் நண்பர்களுக்கு எல்.சி.ஐ.எஃப். இருக்கு.

பெரிய கம்பெனிகளோட சி.எஸ்.ஆர். பணம் வேணும்னா, வாங்கற டிரஸ்ட்டுக்கு 12ஏ, 80ஜி, சி.எஸ்.ஆர்-1 பதிவு எல்லாம் இருக்கணும். கிளப்ல ஒரு ஆடிட்டர் இருப்பாரே, அவரை முகாம்ல தண்ணி பாட்டில் கொடுக்க விடாம இந்த வேலைக்கு விடுங்க.

காசநோயாளிகளுக்குச் சத்துணவு கொடுக்க ஆசைப்பட்டா, 2022ல வந்த நிக்ஷய் மித்ரா திட்டத்துல கிளப் பேர்லயே பதிவு பண்ணி, சம்மதம் சொன்ன நோயாளிகளை ஏத்துக்கலாம். குறைஞ்சது ஆறு மாசம். போட்டோ மட்டும் வேண்டாம், அது அவங்க அந்தரங்கம்.

11/
"இதெல்லாம் அரசாங்க வேலை, கிளப் எதுக்கு?"ன்னு ஒரு கேள்வி வரும்.

சேவை அமைப்புகள் ஆரோக்கியத் துறையில செஞ்ச மிகப் பெரிய காரியம் எது? போலியோ. அதோட ஒரு வேர் நம்ம வேலூர்லயே இருக்கு. ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் ஒரே சமயத்துல சொட்டு மருந்து கொடுத்தா போலியோவை அடக்கலாம்னு டாக்டர் டி. ஜேக்கப் ஜான் குழு வேலூர் நகரத்துல செஞ்சு காட்டி, 1983ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாங்க. 1985ல ரோட்டரி போலியோவை உலக அளவுல கையில எடுத்துச்சு. இந்தியாவுல கடைசி போலியோ 2011 ஜனவரியில. 2014 மார்ச் 27ல போலியோ இல்லைன்னு சான்று.

ரோட்டரி அங்கே தனியா சொட்டு மருந்துக் கடை போடலை. அரசாங்கத் திட்டத்தோட சேர்ந்து பூத்துல உட்கார்ந்தாங்க, விடுபட்ட வீட்டைத் தேடிப் போனாங்க. நான் கேட்கறதும் அதே வேலைதான்.

12/
ஒரு சங்கடமான விஷயமும் சொல்லிடறேன். கிளப்ல பல பேர் முதலாளிகள். "இ.எஸ்.ஐ. பிடிக்கறாங்களா?"ங்கிற கேள்வி சுத்திச் சுத்தி உங்க கேட்டுக்கே வரும். வரட்டும். முதல் சனிக்கிழமையை உங்க சொந்தக் கம்பெனியிலயே வைங்க. கான்ட்ராக்ட்ல வர்றவங்க, டேனரி டிரம்முக்குப் பக்கத்துல நிக்கறவங்க, சுத்தம் பண்ண வர்றவங்க, எல்லாரோட பேரும் பதிவுல இருக்கான்னு பாருங்க. வெளியில நூறு பேருக்கு மாத்திரை கொடுக்கறதை விட அது பெரிய சேவை.

13/
செய்முறை சுலபம். ஒரு திட்டத்துக்கு ஒரு உறுப்பினர். அவர் அந்த ஆபீசுக்கு ஒரு தடவையாவது நேர்ல போகணும். தொகையும் விதியும் மாறும், அதனால ஒவ்வொரு பக்கத்துலயும் சரிபார்த்த தேதி போடணும். மாசம் ஒரு சனிக்கிழமை, ரெண்டு நாற்காலி, ஒரு மேஜை. ஜூலை 1ல காலர் மாத்தும்போது நோட்டையும் மாத்திக் கொடுக்கணும்.

கணக்கையும் மாத்துங்க. "எத்தனை பேர் வந்தாங்க"ன்னு எழுதாதீங்க. "எத்தனை பேருக்குக் கார்டு கையில வந்துச்சு, எத்தனை பேர் மாத்திரையை முடிச்சாங்க"ன்னு எழுதுங்க. முதல் வருஷம் அந்த எண் சின்னதா இருக்கும், பரவாயில்லை.

14/
முகாமுக்குக் கூப்பிடுங்க, கண்டிப்பா வர்றேன். பதிவு மேஜைக்குப் பக்கத்துல அந்த நோட்டோட ஒருத்தர் உட்கார்ந்திருக்கணும், அவ்வளவுதான் என் கண்டிஷன்.

உங்க ஊர் கிளப் குரூப்ல இதைப் பகிருங்க. உங்க நோட்டுல வேற என்ன பக்கம் சேர்க்கலாம்னு கீழே சொல்லுங்க.