பச்சையெல்லாம் காடாகுமா?

தொலையுணர்வுக் கல்வி இன்று புவியியலாளரிடையே பெருமதிப்புப் பெற்றுள்ளது. அம்மதிப்புத் தகுதியானதே. ஆயின், செய்மதிப் படமொன்றைத் திரையில் விரித்தவுடன் காட்டினை அறிந்துவிட்டதாகக் கருதும் போக்கும் அதனோடு கூடவே வளர்ந்துள்ளது. அலாஸ்கா, கனடா, ஸ்கண்டிநேவியா, சைபீரியா எனப் பரந்து கிடக்கும் வடபுல ஊசியிலைக் காடுகள் பற்றிய ஆய்வுகளிலே இப்போக்கின் கேடு தெளிவாகப் புலப்படுகின்றது.

இலையானது செவ்வொளியை உறிஞ்சி, அதனையடுத்த செந்நிறக்கீழ்க் கதிரைப் பெருமளவில் தெறிக்கச் செய்யும். இவ்விரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையாற் பிரித்தாற் கிடைப்பதே பசுமைச் சுட்டி. 1981 முதல் 1991 வரை வடபுலத்திற் பசுமை மிகுந்ததென 1997 இல் வெளிவந்த ஆய்வொன்று அறிவித்தது. அளவீட்டிற் குறைகாண வேண்டியதில்லை. புவி வெப்பமடைவதாற் காடு செழிக்கின்றதென அதிலிருந்து ஆறுதல் கொள்வோரின் தருக்கமே பிழையானது.

அலாஸ்காவிலே கருஸ்புரூஸ் காடொன்று கடுந்தீயில் எரிகின்றது எனக் கொள்வோம். பல இடங்களில் அதன்பின் பேர்ச்சும் அஸ்பென்னும் தழைக்கின்றன. அகன்ற இலைகளையுடைய இவை, கருமை படர்ந்த ஊசியிலை மரங்களிலும் பார்க்கச் செய்மதிக்கு மிகப் பசுமையாய்த் தோன்றும். சுட்டி உயருகின்றது, ஆறுதலாளர் மகிழ்கின்றனர். ஆனால் இக்காடுகளின் காபனிற் பெரும்பகுதி மண்ணிலேயே உள்ளது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த பாசிப்படை எரிந்து புகையாய்ப் போனமையை அச்சுட்டி கூறுமா?

கணிப்பறையிலிருந்தே காட்டை அறியலாம் என்போர் மற்றொன்றையும் நோக்குக. பனிக்காலக் காடு, வெறும் பனிவெளி போலவே, ஒளியில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் தெறிக்கச் செய்யுமென ஐரோப்பிய வானிலை நிலையத்தின் கணிப்பு மாதிரி கொண்டிருந்தது. 1994 முதல் 1996 வரை நாசாவும் கனேடிய ஆய்வாளரும் சஸ்காச்சுவான், மனிற்றோபா மாகாணங்களில் நடத்திய போரியாஸ் கள ஆய்வு உண்மையை வெளிக்கொணர்ந்தது. பனி மரங்களின் கீழே கிடக்க, மேலே கரிய முடிகள் ஒளியை உறிஞ்சிக்கொண்டிருந்தன. பெறுமானம் ஏறத்தாழ 20 சதவீதமாகத் திருத்தப்பட்டபின் வசந்தகால வெப்பநிலை எதிர்வுகூறலின் பிழை வெகுவாகக் குறைந்தது. கோபுரமேறி அளந்தவர் இல்லையேல் அத்திருத்தம் எங்கிருந்து வந்திருக்கும்?

வடபுலக் காடுகளின் பெரும்பகுதி ரஷ்யாவிலுள்ளது. 2022 இல் உக்ரேன் மீதான படையெடுப்பின் பின்னர் மேலைநாட்டு ஆய்வாளர் சைபீரியக் களங்களுக்குச் செல்வது பெரிதும் தடைப்பட்டுவிட்டது. களம் மூடினாலென்ன, செய்மதி உண்டே என்பது இலகுவான விடை. அவ்விடையைக் கொண்டு சைபீரியக் காடுகளின் காபன் கணக்கை எழுதுவோர், எவ்வாண்டின் கள அளவையால் அது சரிபார்க்கப்பட்டது என்பதை ஒவ்வொரு படத்தின் கீழும் குறிப்பிடட்டும். அளவை இல்லையெனில் அதனையும் குறிப்பிடட்டும்.